பெயரும் பிறப்பிடமும்



விருத்தாசலம் என்றவுடன் இந்நாளில் பலருக்கும் பீங்கான் நினைவுக்கு வரும். தேநீர்க் கிண்ணங்களும், கொலுப் பொம்மைகளும், மின்கம்பியைத் தாங்கும் வெள்ளைக் குமிழ்களும் எங்கள் ஊர்ச் சூளைகளில் வெந்து பல ஊர்களுக்குச் சென்றிருக்கின்றன. 1956ஆம் ஆண்டு நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியது. நிலக்கரியை எடுக்க மேல் மண்ணை அகழ்ந்தபோது வெண்களிமண்ணும் கிடைத்தது. அக்களிமண்ணின் அண்மையே எங்கள் ஊரில் இத்தொழில் வேரூன்றத் துணை செய்தது. மண் நம்முடையது, அதை வனைந்த கையும் நம்முடையது. ஆனால் பீங்கான் என்னும் சொல் பாரசீகத்திலிருந்து வந்தது என்று அகராதிகள் கூறுகின்றன. கடல் கடந்து வந்த பண்டத்தோடு அதன் பெயரும் வந்து சேர்ந்தது.

ஊரின் பெயரிலும் ஒரு செய்தி உண்டு. விருத்தாசலம் என்பதற்குப் பழமையான மலை என்பது பொருள். தேவாரம் பாடிய மூவரும் இவ்வூரைத் திருமுதுகுன்றம் என்றே வழங்கினர். ஆனால் புகைவண்டி நிலையத்தில் இறங்கி எத்திசையில் நோக்கினும் இங்கே மலை எதுவும் தென்படாது. சென்ற சித்திரைத் திங்களில் பள்ளி விடுமுறைக்காகச் சென்னையிலிருந்து வந்திருந்த என் பேரன், வந்த அன்றே, “தாத்தா, மலை எங்கே?” என்று கேட்டான். மலை மண்ணுக்குள் அழுந்திப் போயிற்று என்று ஊரார் சொல்லும் கதையைச் சொன்னேன். அவன் நம்பவில்லை. “பெயரில் இருப்பது ஊரில் இல்லையென்றால், பெயர் பொய்தானே?” என்றான்.

வரலாறு கற்பித்தே தலை நரைத்தவன் நான். பன்னிரண்டு வயதுச் சிறுவனுடைய அக்கேள்விக்கு நான் உடனே விடையளிக்கவில்லை. மறுநாள் வயல்வெளிக்குச் செல்வதாக இருந்தோம். விடை அங்கே கிடைக்கக்கூடும் என்று எண்ணினேன். கிடைத்தது. அதனோடு, நாற்பது ஆண்டுகளாக நான் தீர்க்காதிருந்த கடன் ஒன்றும் எதிர்ப்பட்டது. அவ்விரண்டையும் பற்றியதே இப்பேச்சு.

விருத்தாசலத்திலிருந்து வடகிழக்கே, பண்ருட்டி நோக்கிச் செல்லச் செல்ல மண்ணின் நிறம் மாறும். செம்மண் மேடுகள் தொடங்கும். முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் கண்ணுக்கெட்டும் வரை தெரியும். அப்பகுதியில் என் பழைய மாணவர் ஒருவர் நிலம் வைத்திருக்கிறார். நகரத்துக் குடும்பங்கள் தோப்புக்கு வந்து, தாங்களே காயும் பூவும் பறித்து, பறித்ததை எடையிட்டு விலை கொடுத்துச் செல்ல அவர் இடமளிக்கிறார். மேலை நாடுகளில் இவ்வழக்கம் மிகுதி என்பர். நம் பக்கத்தில் பணம் கொடுத்துப் பூப்பறிக்க வருவோரைக் கண்டு கூலியாட்கள் முதலில் சிரித்தார்களாம். “நாங்கள் பறித்தால் எங்களுக்குக் கூலி; இவர்கள் பறித்தால் உங்களுக்குக் காசா?” என்று ஒரு மூதாட்டி கேட்டதாக அவரே சொன்னார்.

நானும் என் மனைவியும், மகனும் மருமகளும், பேரனும் பேத்தியும் ஆக அறுவர் விடியுமுன் புறப்பட்டோம். பூ வயலுக்குக் கதிரவனுக்கு முன்னால் செல்லவேண்டும். நிலச்சம்பங்கி இரவில் மலர்ந்து மணம் வீசும் பூ. மாலைக்கு வேண்டிய மொட்டுகளை வெயில் ஏறுமுன் பறித்துவிட்டால்தான் அவை வாடாமல் சந்தை சேரும். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பெண்கள் பாதி வயலை முடித்திருந்தார்கள். பேத்தி அவர்களோடு சேர்ந்து பறிக்கத் தொடங்கினாள். அவள் ஒரு பிடி பறிக்கும் நேரத்தில் பக்கத்துப் பெண் மடி நிறையப் பறித்துவிட்டார்.

சம்பங்கிக்கு அடுத்த பாத்தியில், நெருப்பு நிறத்தில், துலுக்கச் செவ்வந்தி பூத்திருந்தது. ஆயுத பூசையன்று பேருந்துகளின் முகப்பில் தொங்குமே, அந்தப் பூ. அவ்விரு பாத்திகளுக்கும் நடுவே நின்றபோதுதான் பேரனுடைய கேள்வி எனக்கு மீண்டும் நினைவுக்கு வந்தது.

மாணவர்களே, கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது மலர்களின் பெயர்கள் வருகின்றன. அத்தனை மலர்களை ஒருசேர அடுக்கிக் காட்டிய பாட்டு நம் பழைய இலக்கியத்தில் வேறொன்றும் இல்லை. ஆயினும் நிலச்சம்பங்கியும் துலுக்கச் செவ்வந்தியும் அதில் இல்லை. இருக்கவும் முடியாது. இரண்டின் தாயகமும் மெக்சிக்கோ நாடு. கபிலர் காலத்தில் அவை பெருங்கடலுக்கு அப்பால் மலர்ந்துகொண்டிருந்தன. 1492இல் கொலம்பஸ் அட்லாண்டிக் கடலைக் கடந்த பின்னரே அந்நாட்டுச் செடிகொடிகள் உலகின் மற்றைப் பகுதிகளுக்குப் பயணம் தொடங்கின.

அப்படியாயின் துலுக்கச் செவ்வந்தி என்னும் பெயர் எவ்வாறு வந்தது? துருக்கர் என்னும் சொல் நம் பேச்சில் அவ்வாறு திரிந்தது. மேற்கிலிருந்து, கடல் வழியாக, அயலார் கையில் வந்த ஒன்று என்பதையே அப்பெயர் குறிக்கின்றது. துருக்கி நாட்டுக்கும் அப்பூவுக்கும் பிறப்புத் தொடர்பு எதுவும் இல்லை. ஆங்கிலேயர் அதனை ஆப்பிரிக்கச் செவ்வந்தி என்றனர், அதுவும் பிழையே. இத்தாலியர் மக்காச்சோளத்தைத் துருக்கித் தானியம் என்று இன்றும் அழைக்கின்றனர். மக்காச்சோளமும் அமெரிக்கப் பயிரே. தமக்குத் தெரியாத ஊரிலிருந்து ஒன்று வந்தால், தமக்குத் தெரிந்த அயலான் ஒருவனுடைய பெயரை அதற்குச் சூட்டிவிடுவது எல்லா நாட்டு மக்களுக்கும் இயல்பாக இருந்திருக்கிறது.

மெக்சிக்கோவின் பழங்குடி மக்கள் அப்பூவுக்கு இருபது மலர் என்று பொருள்படும் பெயரை இட்டிருந்தனர். ஒரு பூவுக்குள் பல பூக்கள் அடங்கியிருப்பதைக் கண்டு வைத்த பெயர் அது. இன்றும் அந்நாட்டில் நவம்பர் முதல் நாட்களில், இறந்த முன்னோரை நினைந்து படைக்கும் மேடைகளை இம்மலரால் அணி செய்கின்றனர். நம் வீட்டு வாயிலில் தோரணமாகத் தொங்குவதும் அங்கே முன்னோர் படத்தின் முன் குவிந்து கிடப்பதும் ஒரே பூ.

பேரனிடம் இதைச் சொன்னேன். “அப்படியென்றால் இதன் பெயரும் பொய்தான்” என்றான். “பொய்யன்று. அந்தப் பெயர் பூ பிறந்த ஊரைச் சொல்லவில்லை, வந்த வழியைச் சொல்கிறது” என்றேன். அவன் சற்றுச் சிந்தித்தான். முழுதாக ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

வெயில் ஏறியதும் முந்திரித் தோப்புக்குச் சென்றோம். முந்திரியை மரமேறிப் பறிப்பதில்லை. பழுத்துத் தானே விழுந்ததை எடுப்பதே முறை; அப்போதுதான் கொட்டை முற்றியிருக்கும். மஞ்சளும் சிவப்புமாகச் சருகின்மேல் கிடந்த பழங்களைப் பொறுக்கி, அடியில் தொங்கும் கொட்டையை முறுக்கிக் கழற்றிக் கூடையில் இடவேண்டும். பேரன் ஒரு பழத்தைக் கடித்தான். சாறு இனித்தது, பின்னர் தொண்டை காறியது. சட்டையில் வழிந்த சாறு கறையாயிற்று. அக்கறை எளிதில் போகாது என்பதை அறிந்த என் மனைவி அன்று முழுதும் அதைச் சொல்லிக்கொண்டேயிருந்தாள்.

இங்கே மற்றொரு பெயர்ப் பிழையையும் காணலாம். முந்திரிப்பழம் என்று நாம் சொல்வது உண்மையில் பழமன்று. பருத்துச் சதைப்பிடித்த பூக்காம்பு. கொட்டை என்று நாம் சொல்வதே தாவர நூலார் கருத்துப்படி கனி. அதனுள்ளே இருக்கும் பருப்புத்தான் விதை. கனி வெளியே முந்திக்கொண்டு நிற்பதால்தான், கேளாமல் இடையில் புகுந்து பேசுவோரை முந்திரிக்கொட்டை என்கிறோம். இந்தப் பழமொழியை நினைவில் வையுங்கள். பின்னர் இதற்கு வேலை இருக்கிறது.

முந்திரி என்னும் சொல் இம்மரத்தைவிட மூத்தது. முந்நூற்றிருபதில் ஒரு பங்கு என்னும் சிறிய பின்னத்துக்கு நம் முன்னோர் முந்திரி என்று பெயரிட்டிருந்தனர். திராட்சைக்கும் கொடிமுந்திரி என்பது பழைய பெயர். ஆனால் மரமோ பிரேசில் நாட்டது. 1500ஆம் ஆண்டு கப்ரால் என்னும் போர்ச்சுகீசியத் தளபதி பிரேசில் கரையை அடைந்தார். அதே பயணத்தில் அவருடைய கப்பல்கள் கள்ளிக்கோட்டைக்கும் வந்தன. 1510இல் கோவா போர்ச்சுகீசியர் வசமாயிற்று. பிரேசிலும் கோவாவும் ஒரே அரசின் கீழ் வந்த பிறகு, ஒரு கரையின் விதை மறு கரைக்கு வருவது அரிதன்று.

அது எப்போது வந்தது என்பதற்கு வரலாறு கேட்கும் சான்று எழுத்துச் சான்று. 1578இல் அக்கோஸ்தா என்னும் மருத்துவர் கீழ்நாட்டு மருந்துப் பொருள்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதில் காயூ என்னும் பழத்தைக் குறிப்பிட்டு, அது எங்கும் வளர்வதில்லை, கொச்சி அரசில் உள்ள சாந்தா குரூஸ் நகரத் தோட்டங்களில் காணப்படுகிறது என்று எழுதினார். பிரேசில் பழங்குடியினர் வழங்கிய அக்காயூ என்னும் சொல்லே போர்ச்சுகீசியர் வாயில் காயூ, காஜூ என்றாயிற்று. வடநாட்டுக் கடைக்காரர் இன்று காஜு என்று சொல்லும்போது, தம்மை அறியாமலேயே பிரேசில் காட்டு மக்களின் மொழியைப் பேசுகிறார். நாமோ வந்த பெயரை விடுத்து நம் சொல் ஒன்றை எடுத்து அதற்குச் சூட்டினோம். விருந்தினரை ஏற்பதில் இரண்டு வழிகள் இவை; இரண்டும் நல்லவையே.

அன்று தோட்டங்களில் அருமையாகக் காணப்பட்ட மரம், பிற்காலத்தில் மேற்குக் கரை முழுதும் பரவிக் கீழைக் கரைக்கும் வந்தது. நெல்லுக்கு ஆகாத மேட்டு மண்ணிலும் அது வேர் பிடித்தது. 1920களில் கொல்லம் பகுதியிலிருந்து முந்திரிப் பருப்பு அமெரிக்காவுக்குக் கப்பலேறத் தொடங்கியது. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்த மரத்தின் பருப்பு, நம் நாட்டுப் பெண்கள் கையால் உடைபட்டு, மீண்டும் அக்கண்டத்துக்கே சென்றது. அந்தக் கைகளைப் பற்றியும் சொல்லவேண்டும். கொட்டையின் ஓட்டில் தோலைச் சுடும் எண்ணெய் இருக்கிறது. பூச்சுகளுக்கும் வண்டிகளின் தடைக் கட்டைகளுக்கும் பயன்படும் அதே எண்ணெய்தான் உடைப்போர் விரல்களைக் கருக்கி, தோலை உரிக்கும். பாயசத்தில் மிதக்கும் பருப்பைப் பார்க்கும்போது அவ்விரல்களையும் நாம் நினைக்கவேண்டும்.

தோப்பின் ஒரு பகுதியில் மரங்கள் இளையனவாகவும் ஒரே உயரமாகவும் இருந்தன. காரணம் கேட்டேன். 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் விடியற்காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயலே காரணம் என்றார் நண்பர். மணிக்கு ஏறத்தாழ 140 கிலோமீட்டர் வரை காற்று வீசிய அந்த இரவில், இந்த மாவட்டத்து முந்திரி மரங்களும் பலா மரங்களும் எண்ணற்றவை வேரோடு சாய்ந்தன. நெல் வீழ்ந்தால் அடுத்த பட்டத்தில் நடலாம். பாட்டன் வைத்த மரம் வீழ்ந்தால் என் செய்வது? பலர் மனமுடைந்தனர். அப்போது கைகொடுத்தவற்றுள் ஒன்று ஒட்டுக்கட்டும் முறை. விதையிட்டு வளர்த்த மரம் தாயைப் போலவே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. ஒட்டுக் கன்றோ மூன்றாம் ஆண்டிலேயே காய்ப்புக்கு வரும். தாய் மரத்தின் குணமும் மாறாது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கு விருத்தாசலத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையம் உண்டு. அங்கே தேர்ந்தெடுக்கப்பட்டு 1991இல் வெளியிடப்பட்ட முந்திரி வகைக்கு வி.ஆர்.ஐ. 3 என்பது பெயர். அவ்வெழுத்துகள் எங்கள் ஊரின் பெயரைக் குறிப்பவை. பிரேசில் மரம் இன்று விருத்தாசலத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

தோப்பின் ஓரத்தில் புயலுக்குத் தப்பிய பலா மரம் ஒன்று நின்றது. அதன் நிழலில் அமர்ந்து கட்டுச்சோறு உண்டோம். நண்பர் ஒரு பழத்தை அறுத்து வைத்தார். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, பால் ஒட்டாமல் சுளை எடுக்கும் விதத்தை என் மனைவி மருமகளுக்குக் கற்பித்தாள். அன்று நாங்கள் கண்டவற்றுள் பலாதான் பிறப்பாலும் இம்மண்ணுக்கு உரியது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகள் அதன் தாயகம். பாரியின் பறம்பு மலையில் உழவர் உழாமலே விளைந்த நான்கனுள் பலாவும் ஒன்று என்று புறநானூறு கூறும். அதன் அருகிலேயே பிரேசில் முந்திரி கிளை தாழ்த்தி நின்றது. ஒரே செம்மண், ஒரே மழை, ஒரே புயல். இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடையதையும் நானூறு ஆண்டுகளுக்கு முன் வந்ததையும் அந்த மண் வேறுபடுத்திப் பார்க்கவில்லை. இரண்டையும் வளர்த்தது, புயல் வந்தபோது இரண்டும் வீழ்ந்தன.

பிற்பகலில் நிலக்கடலை வயலுக்குச் சென்றோம். தை மாதம் விதைத்த இறவைப் பயிர் முற்றி, பிடுங்கும் பருவத்தில் இருந்தது. எங்கள் பக்கத்தில் அதை மல்லாட்டை என்போம். மணிலாக்கொட்டை என்பது தேய்ந்து மல்லாக்கொட்டையாகி, மல்லாட்டை ஆயிற்று. மணிலா என்பது பிலிப்பைன்ஸ் நாட்டின் தலைநகர். 1565 முதல் 1815 வரை இருநூற்றைம்பது ஆண்டுக் காலம் ஸ்பானியரின் பெருங்கப்பல்கள் மெக்சிக்கோவின் அக்கபுல்கோ துறைமுகத்துக்கும் பிலிப்பைன்ஸுக்கும் இடையே சென்று வந்தன. வெள்ளியும் பட்டும் ஏற்றிய அக்கப்பல்களில் அமெரிக்கப் பயிர்களும் கீழ்நாடுகளுக்கு வந்தன. நிலக்கடலையின் பிறப்பிடம் தென் அமெரிக்கா. ஆப்பிரிக்கா வழியாகவும் அது நம் நாட்டுக்கு வந்திருக்கலாம் என்பர் அறிஞர். எவ்வாறாயினும், நம் உழவர் நாவில் இன்றும் மணிலாவின் பெயர் நிலைத்திருக்கிறது. இங்கும் பெயர் காட்டுவது வழியைத்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னார்க்காட்டு நிலக்கடலை மாட்டு வண்டிகளிலும் புகைவண்டிகளிலும் புதுச்சேரிக்குச் சென்று, அங்கிருந்து பிரெஞ்சு நாட்டின் மார்செய் துறைமுகத்துக்குக் கப்பலேறியது. அங்கே எண்ணெய் ஆலைகளும் சவர்க்காரத் தொழிற்சாலைகளும் அதனை எதிர்பார்த்திருந்தன. மார்செயில் விலை ஏறினால் விருத்தாசலத்தில் ஒரு வீட்டுக்கு ஓடு வேய்வார்கள். விலை இறங்கினால் ஒரு நகை அடகுக்குப் போகும். உலக வாணிகம் என்று பாடநூலில் நீங்கள் படிப்பது இதுவே.

இனி, நான் முன்னர்க் கூறிய கடனுக்கு வருகிறேன்.

நான் ஆசிரியப் பயிற்சி முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு கிராமப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குப் புதிய உலகின் பயிர்களைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். “உருளைக்கிழங்கைப் போலவே நிலக்கடலையும் வேரிலே விளைவது, அதனால்தான் அதற்கு வேர்க்கடலை என்று பெயர்” என்றேன். நான் நகரத்தில் வளர்ந்தவன். கடலையைப் பொட்டலத்தில் அன்றி வேறெங்கும் கண்டறியாதவன். மூன்றாம் வரிசையில் ஒரு சிறுவன் எழுந்தான். “ஐயா, கடலை வேரில் காய்க்காது. பூவில்தான் காய்க்கும்” என்றான். “பூ மேலே இருக்கிறது, காய் கீழே இருக்கிறது. பூவில் எப்படிக் காய்க்கும்? முந்திரிக்கொட்டை போல முந்திக்கொண்டு பேசாதே” என்றேன். வகுப்பு சிரித்தது. அவன் மீண்டும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். மணியடிக்கும் வரை அவனை வெளியே நிற்க வைத்தேன்.

அடுத்த வாரம் ஒரு நூலைப் புரட்டியபோது உண்மையை அறிந்தேன். நிலக்கடலையின் மஞ்சள் பூ தரைக்கு மேலே, இலைக் கணுவில் மலர்கிறது. மகரந்தச் சேர்க்கை முடிந்ததும் பூ உதிர்ந்து, அதன் அடியிலிருந்து ஊசி போன்ற ஒரு விழுது கீழ்நோக்கி நீண்டு மண்ணுக்குள் புகுகிறது. அவ்விழுதின் நுனியே மண்ணுள் பருத்துக் காயாகிறது. விழுது எளிதில் இறங்கும்பொருட்டே உழவர் மண்ணைப் பொலபொலவென்று வைத்து, செடிக்கு மண் அணைக்கின்றனர். வேரில் இருப்பவை சிறு முடிச்சுகளே; அவை காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தருபவை. வேர்க்கடலை என்னும் பெயரில் வேரும் பிழை. உருளைக்கிழங்கும் வேரன்று, தண்டு. ஒரே வாக்கியத்தில் இரண்டு பிழைகள் செய்திருந்தேன்.

அறிந்த பின் நான் செய்யவேண்டியது ஒன்றுதான். மறுநாள் வகுப்பில் அந்தச் சிறுவனை எழுப்பி, “நீ சொன்னதே சரி” என்று நாற்பது பேரறியச் சொல்லியிருக்கவேண்டும். நான் சொல்லவில்லை. புதிய ஆசிரியன் தவறை ஒப்புக்கொண்டால் வகுப்பு அடங்காது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்று பயிற்சிக் கல்லூரியில் எனக்குக் கற்பித்திருந்தார்கள். அச்சிறுவனுக்குத் தெரிந்ததிலிருந்து நான் தொடங்கவில்லை. எனக்குத் தெரியாததை அவன்மேல் சுமத்தினேன்.

அந்தச் சிறுவன்தான் இந்த நிலத்துக்கு உரியவர்.

அவர் ஒரு செடியைப் பற்றி மெல்ல இழுத்து, மண் உதிரும்படி உதறி, என் பேத்தியிடம் கொடுத்தார். ஒன்றும் விளக்கவில்லை. “காய் எங்கிருந்து வருகிறது என்று நீயே பார், அம்மா” என்றார். அவள் ஒரு காயைப் பிடித்துக்கொண்டு, அதன் நூலைப் போன்ற விழுதின் வழியே விரலை மேலே மேலே கொண்டு சென்றாள். விரல் வேருக்குப் போகவில்லை. தண்டின் கணுவில் போய் நின்றது. அங்கே உதிர்ந்த பூவின் தடம் இருந்தது. பக்கத்துக் கணுவில், மண்ணைத் தொடாமல் பாதி வழியில் நின்ற ஒரு விழுது, ஊசி முனையோடு கீழ்நோக்கி வளைந்திருந்தது. “தாத்தா, இது பூவிலிருந்து இறங்கி வந்திருக்கிறது” என்றாள்.

நான் அவரைப் பார்த்தேன். “தம்பி, அன்று வகுப்பில் நீ சொன்னதுதான் சரி. மறு வாரமே எனக்குத் தெரியும். சொல்லாமல் இருந்துவிட்டேன், என்னைப் பொறுத்துக்கொள்” என்றேன். அவர் உடனே ஒன்றும் சொல்லவில்லை. கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டார். “எனக்கு நினைவிருக்கிறது, ஐயா. என்னைப் பற்றி வருத்தமில்லை. எனக்கு உண்மை வீட்டிலேயே தெரியும். அன்று வகுப்பில் இருந்த மற்றவர்களுக்கு யார் சொல்வார்கள்?” என்றார்.

அதற்கு என்னிடம் விடையில்லை. அவரிடம் கேட்ட பொறுத்தல் அவரால் கொடுக்கக்கூடியது. மற்றவர்களுக்கு நான் கொடுத்த பிழையை அவரால் திருப்பி வாங்க முடியாது. என்னாலும் அவர்கள் ஒவ்வொருவரையும் தேடிச் செல்ல முடியாது. அவருள் சிலர் ஆசிரியராகியிருக்கக்கூடும். அதே வாக்கியத்தைத் தம் வகுப்பில் சொல்லியிருக்கவும் கூடும். ஆகவேதான், வானொலியில் ஒரு பேச்சு நிகழ்த்தும்படி என்னைக் கேட்டபோது, சோழர் வரலாற்றையோ கோயில் வரலாற்றையோ எடுத்துக்கொள்ளாமல் இதை எடுத்துக்கொண்டேன். அந்த வகுப்பில் இருந்த எவரேனும் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், அவருக்குச் சொல்கிறேன்: நிலக்கடலை வேரில் காய்ப்பதன்று, பூவிலிருந்து இறங்கும் விழுதில் காய்ப்பது. அன்று எழுந்து நின்ற மாணவன் சொன்னதே சரி. நான் சொன்னது தவறு.

இப்போது பேரனுடைய கேள்விக்கு வருகிறேன். மலையில்லாத ஊருக்கு மலையின் பெயர். துருக்கியைக் காணாத பூவுக்குத் துருக்கர் பெயர். வேரில் காய்க்காத காய்க்கு வேரின் பெயர். அப்படியாயின் பெயர்கள் எல்லாம் பொய்தாமா? இல்லை. பெயர் என்பது ஒரு சாட்சி. வழக்கு மன்றத்தில் சாட்சி சொல்வதை எவ்வளவு தூரம் ஏற்கலாம் என்று ஆராய்வது போல, பெயரையும் ஆராயவேண்டும். மணிலா என்னும் பெயர் ஒரு கடல் வழியைக் காட்டியது. காஜு என்னும் பெயர் ஒரு பழங்குடியின் மொழியைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. வேர்க்கடலை என்னும் பெயரோ, மண்ணைத் தோண்டிப் பாராமல் பெயரை மட்டும் நம்பியவனை ஏமாற்றியது. பெயரைக் கேளுங்கள், பிறகு செடியைப் பிடுங்கிப் பாருங்கள். இரண்டையும் செய்தால் வரலாறு கைக்கு வரும்.

எங்கள் ஊரில் வழங்கும் ஒரு பழங்கதையோடு முடிக்கிறேன். சுந்தரர் திருமுதுகுன்றத்தில் பன்னீராயிரம் பொன் பெற்றார். அதை மணிமுத்தாற்றில் இட்டார். பின்னர்த் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பர். ஆற்றில் இட்டுக் குளத்தில் தேடுவது என்னும் பேச்சு வழக்கு அதிலிருந்து வந்தது. நடவாத செயலுக்கு அதை நாம் எடுத்துக்காட்டாகச் சொல்கிறோம். ஆனால் அன்று மாலை, கடலை மூட்டையும் முந்திரிக் கூடையும் பூக் கட்டுமாக வீடு திரும்பும்போது எனக்கு வேறொன்று தோன்றியது. பிரேசில் ஆற்றங்கரையில் ஒருவன் இட்ட விதையை விருத்தாசலத்துச் செம்மண்ணில் என் பேரன் பொறுக்கினான். மெக்சிக்கோவில் ஒருத்தி நட்ட பூவை என் பேத்தி பறித்தாள். உலக வரலாறு நெடுகிலும் மனிதர் ஆற்றில் இட்டுக் குளத்தில்தான் எடுத்துவந்திருக்கின்றனர்.

ஆசிரியன் சொல்லும் சொல்லும் அத்தகையதே. எங்கே இட்டோம் என்று அவனுக்குத் தெரியும். எந்தக் குளத்தில் யார் கையில் அகப்படும் என்று தெரியாது. ஆகவே நல்ல பொன்னாகப் பார்த்து இடவேண்டும்.

மாணவர்களே, அடுத்த விடுமுறையில் உங்கள் ஊர் வயலுக்குச் செல்லுங்கள். அங்கு விளையும் பத்துப் பொருள்களின் பெயர்களை, உங்கள் பாட்டன் பாட்டி சொல்லும் உச்சரிப்பிலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள். மூன்றாம் வரிசையில் எவரேனும் எழுந்து “அப்படியன்று” என்று சொன்னால், அவர்களை உட்காரச் சொல்லாதீர்கள். முதலில் கேளுங்கள்.